மதாம் சூப்ராயெனின் எழுத்துகள்

போர்ட் லூயி. துறைமுகத்தைப் பார்த்த நான்காவது மாடி.
வேலையில் சேர்ந்த அன்று எனக்குக் கிடைத்தவை:
ஒரு கால் குட்டையான நாற்காலி,
இழுப்பறையில் பாதி தீர்ந்த தலைவலித் தைலம்,
மதாம் சூப்ராயென் விட்டுப்போன கணினி.

சுட்டெலியும் இருந்தது. ஒருமுறை அழுத்தினால்
இரண்டுமுறை என்று எடுத்துக்கொள்ளும்.
"அவர் அதைத் தொட்டதே இல்லை" என்றான்
பக்கத்து மேசை ஜெரால்.

திரையின் கீழ் மூலையில், கடிகாரத்தை ஒட்டி
சாம்பல் நிறத்தில் ஒரு பொடிச் சதுரம்.
கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் பிடித்துக்கொண்டு
ஓர் எழுத்தைத் தட்டினால் போதும்,
எங்கோ அடியில் கிடக்கும் ஜன்னல்
மேலே வந்து நிற்கும்.
எந்த எழுத்துக்கு எது என்பதைத்தான்
எழுதிவைக்காமல் போயிருந்தார்.

தட்டித் தட்டிப் பார்த்தேன்.
சுங்கப் படிவம் டீ-யில் இருக்கும், துவான் அல்லவா;
இல்லை. கஸ்டம்ஸ் என்றால் சீ. அதுவும் இல்லை.
வீ-யில் இருந்தது.
கப்பல்கள் நகர்வதைக் காட்டும் வரைபடம் கே.
வங்கி பீ-யில். மின்னஞ்சல் டீ-யில்.
எஸ் அழுத்தினேன், எல்லா ஜன்னலும் மறைந்தது;
இயந்திரம் செத்துவிட்டதென்று
ஜெராலைக் கூப்பிட்டேன்.
"அந்த அம்மாவுக்கு அகரவரிசையே தெரியாது" என்று சிரித்தான்.

பத்தே நாளில் விரல்கள் பழகிவிட்டன,
பிறர் செருப்பு காலுக்குப் பழகுவதைப் போல.
ஏன் என்று கேட்டது தலை மட்டும்.

ஜனவரியில் புயல்.
இரண்டாம் எண் எச்சரிக்கை, மூன்று ஆகுமுன்
பதினோரு பெட்டகங்களுக்குப் பணம் கட்டியாக வேண்டும்.
துறைமுகத்தில் நின்ற கப்பல்களையெல்லாம்
கடலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.
வீ, கே, பீ, மறுபடி வீ, மறுபடி கே,
விரல் ஓட ஓட வாயும் கூடவே முணுமுணுத்தது,
எழுத்தை அல்ல:
வரி. கப்பல். பணம். வரி. கப்பல்.

கை நின்றுவிட்டது.

ரோஸ் ஹில் பள்ளியில் ஆறு வருடம் படித்தது.
பரீட்சைக்கு மறுநாள் தொலைந்ததாக நினைத்தது.
க-வுக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் படம்,
நீலம் கோட்டைத் தாண்டி அச்சாகியிருக்கும்.
டீ: தபால்.

ஏழு வருடம் இந்த நாற்காலியில் இருந்தவர்.
தொலைபேசியில் பிரெஞ்சு, கடிதத்தில் ஆங்கிலம்,
சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும்போல் கிரியோல்.
அவர் வாயில் ஒரு தமிழ்ச் சொல்லை
இங்கே யாரும் கேட்டதில்லை.

அப்படியானால் எஸ்?
அழுத்தினேன்.
வரி போயிற்று, கப்பல் போயிற்று, பணமும் போயிற்று.
வெறும் நீலம். அதில் என் பின்னால் இருக்கும் ஜன்னல்,
கட்டிப்போட்ட பாரந்தூக்கிகள்,
என் தலை.
சும்மா.

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேனோ,
தாழ்வாரத்தில் மொசியே லபோந்தின் காலடிச் சத்தம்.
வீ.

எக்ஸ் மட்டும் பிடிபடவில்லை.
அழுத்தினால் கால்குலேட்டர் வருகிறது.
எக்ஸில் தொடங்கும் தமிழ்ச் சொல் ஏது?
பெருக்கல் குறியாக இருக்கலாம். கைத்தவறாகவும் இருக்கலாம்.
ஃபிளிக் ஆன் ஃபிளாக்கில் ஏதோ ஓட்டலில்
இப்போது கணக்கு எழுதுகிறாராம்;
எண் சுவரில் ஒட்டியிருக்கிறது.
இரண்டுமுறை ரிசீவரை எடுத்து வைத்துவிட்டேன்.
அவருக்கு என்று ஒன்று இருக்கட்டும்.

நேற்று நானாக ஓர் எழுத்தைச் சேர்த்தேன்.
எம். வானிலை அலுவலகத்தின் பக்கம்.
எட்டிப் பார்த்த ஜெரால்,
"எம்மா? மெட்டேயோ! இதுதான் ஒழுங்கு" என்றான்.

ஆமாம் என்றேன்.
வெளியே மழை.